வாக்கும் வாடகையும்

அறவியல் பேசுவோர் பெரும்பாலும் பெரிய வினாக்களையே எடுத்துக்கொள்வர். கொலை, போர், தியாகம், அரசகடமை என்பன அவர்தம் உதாரணங்களாக அமைகின்றன. ஆயின் மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவின் பெரும்பகுதி இத்தகைய பெருநிகழ்ச்சிகளால் ஆனதன்று. வாங்குதல், விற்றல், கடன் கொடுத்தல், வாடகைக்கு விடுதல் முதலாய சிறு கொடுக்கல் வாங்கல்களிலேயே நீதியும் அநீதியும் நாள்தோறும் நிகழ்கின்றன. அத்தகைய சிறு விடயம் ஒன்றை எடுத்து, அதன் அடியிலே கிடக்கும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா இதுதான். கட்டடம் ஒன்றை வாடகைக்கு விடுபவர் இன்ன வசதி அங்கு உண்டு என வாக்களிக்கின்றார். அவ்வசதி இல்லாமற் போகின்றது. அதனால் வாடகைக்கு இருப்பவருக்கு வாடகைப் பணத்தினும் பன்மடங்கு நட்டம் ஏற்படுகின்றது. வாக்களித்தவரோ ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாதவர்; தாம் கூறியது உண்மை என நம்பியே கூறியவர். அந்நட்டம் யாரைச் சேர்ந்தது?

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. வடபகுதிக் கரையோரப் பட்டினம் ஒன்றிலே, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீதியோரமாக இருந்த தமது களஞ்சிய அறையை 2021 நவம்பரில் மீன் வணிகர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தார். அவ்வீதியில் அதே அளவான அறைகளின் மாத வாடகை 20,000 ரூபா. இவ்வறைக்கு மட்டும் 30,000 ரூபா. மின்பிறப்பாக்கி ஒன்று அங்கு உண்டு, மின்சாரம் தடைப்பட்டால் அது குளிர்ப்பெட்டிகளை இயக்கும் என்பதே அந்த 10,000 ரூபா வேறுபாட்டுக்குக் காரணம். இயந்திரம் வளவின் பின்புறத்தே, ஆசிரியையின் பூட்டினுள் இருந்தது. வணிகர் ஒருமுறை அதனை இயக்கிப் பார்க்கலாமா எனக் கேட்டதற்கு, “எல்லாம் சரியாய்த்தான் இருக்குது” என்று அவர் விடையிறுத்தார். அவருடைய சகோதரர் அதனைத் திருத்தி வைத்திருப்பதாகக் கூறியிருந்தார். அதனை அவர் நம்பினார்.

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 7½ மணி நேரமாயிற்று. மாத இறுதியில் அது 13 மணி நேரத்தை எட்டியது. மின்வெட்டு நீண்ட முதல் நாளன்று, வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்த டீசலுடன் வணிகர் இயந்திரத்தை இயக்க முயன்றார். அது இயங்கவில்லை. ஆசிரியை, “நாளைக்கு ஆள் வந்து திருத்திப்போடும்” என்றார். மறுநாளும் அதே விடை. மூன்றாம் நாள் இறாலும் நண்டும் பழுதாயின. நான்காம் நாள் இயந்திரம் திருத்தப்பட்டது. அழிந்த சரக்கின் சந்தைப் பெறுமதி 180,000 ரூபா. அதனைக் கொழும்பிலே ஒருவருக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே பேசியிருந்ததால் மேலும் 60,000 ரூபா இலாபம் வரவிருந்தது என்றும் வணிகர் கூறினார்.

இருவரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஆசிரியை எனக்கும் கற்பித்தவர். நீதிமன்றம் செல்ல விரும்பாமல் என்னைத் தீர்த்துவைக்கும்படி கேட்டனர். மார்ச் மாத வாடகை 30,000 ரூபாவை ஆசிரியை விட்டுவிட வேண்டும். முந்திய நான்கு மாதமும் மின்பிறப்பாக்கிக்காக வாங்கிய மேலதிகப் பணம் 40,000 ரூபாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சரக்கின் நட்டம் வணிகருடையது. இவ்வாறு கூறினேன். அவர் அறியாமலே சொன்னார், குற்றமில்லாதவரிடம் தண்டம் அறவிடலாகாது என்பதே நான் காட்டிய நியாயம். இருவரும் ஏற்றுக்கொண்டனர். புறப்படும்போது வணிகர் ஒன்று கூறினார்: “ஐயா, தெரியாமற் சொன்ன ரீச்சருக்கு நட்டமில்லை. நம்பியிருந்த எனக்குத்தான் நட்டம். அப்ப, நம்பினதுதான் என்ர பிழையோ?”

இக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பின்வரும் பகுதி அவ்விடையைத் தேடும் முயற்சியாகும்.

இவ்விடயத்தில் மூன்று நிலைகளை முதலிலே பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். வஞ்சகம், மௌனம், அறியாமை என்பன அவை. முதலிரண்டையும் பற்றிச் சிசரோ கி.மு. 44இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியிலே விரிவாகப் பேசுகின்றார். சிரக்கூசா நகரிலே கனியஸ் என்னும் உரோமன் ஒருவன் கடலோரத் தோட்டம் ஒன்றை விரும்பினான். பிதியஸ் என்னும் வட்டிக்கடைக்காரன் அவனைத் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தான். அன்று அதன் முன்னே படகுகள் நிறைந்திருந்தன; மீனவர் மீனைக் கொண்டுவந்து அவன் காலடியிலே குவித்தனர். கனியஸ் பெருவிலை கொடுத்துத் தோட்டத்தை வாங்கினான். மறுநாள் ஒரு படகையும் காணவில்லை. அயலவரை விசாரித்தபோது, அங்கு எவரும் மீன்பிடிப்பதில்லை எனத் தெரிந்தது. முன்னாள் கண்டவை யாவும் பிதியஸின் ஏற்பாடு. இது வஞ்சகம். இதற்குரிய தீர்ப்பில் எவருக்கும் ஐயம் எழாது.

மௌனத்தைப் பற்றிய விவாதம் இதனினும் நுட்பமானது. சுகாதாரக் கேடான, பாம்புகள் வரும் வீடு ஒன்றை விற்பவன், அக்குறைகளைத் தான் அறிந்தும் சொல்லாது விடலாமா? பாபிலோனியராகிய தயோஜினிஸ், சட்டம் கேட்பதற்கு மேலாகச் சொல்ல வேண்டியதில்லை என்றார். வாங்குமாறு எவனையும் அவன் வற்புறுத்தவில்லையே என்பது அவர் வாதம். அவருடைய மாணவராகிய அந்திப்பாதர் இதனை மறுத்தார். வழிதவறியவனுக்கு வழிகாட்டாது விடுதலினும் இது கொடியது. அறிந்துகொண்டே பிறனைத் தவறில் விழவிடுதல் ஆகும் என்றார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். வணிகர் பிறர் பொருளையும் தம்பொருள் போலப் பேண வேண்டும் என நடுவுநிலைமை அதிகாரத்திலே கூறிய வள்ளுவரும் அப்பக்கமே நின்றிருப்பார் எனலாம்.

ஆயின் நமது ஆசிரியை பிதியஸும் அல்லர். மௌனம் காத்த வீட்டுக்காரனும் அல்லர். அவர் மூன்றாம் நிலையைச் சேர்ந்தவர். இந்நிலையைப் பற்றி உரோமச் சட்ட அறிஞராகிய உல்பியன் கூறிய கருத்தொன்று கி.பி. 533இல் யஸ்டினியன் வெளியிடுவித்த சட்டத்தொகுப்பிலே இடம்பெற்றுள்ளது. அது நமக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்த உரோம-ஒல்லாந்துச் சட்டத்தின் மூலவேர்களுள் அத்தொகுப்பும் ஒன்று. அச்சட்டம் இன்றும் இந்நாட்டின் பொதுச் சட்டமாக விளங்குகின்றது.

உல்பியன் இரு உதாரணங்களை அருகருகே வைக்கின்றார். ஒருவன் பழுதான மதுச்சாடிகளை, பழுதென்று அறியாமலே வாடகைக்குக் கொடுக்கின்றான். வாங்கியவன் ஊற்றிய மது ஒழுகிவிடுகின்றது. இங்கு கொடுத்தவன் முழு நட்டத்தையும் ஈடுசெய்தல் வேண்டும். அவனுடைய அறியாமை அவனைக் காப்பாற்றாது. இன்னொருவன் மேய்ச்சல் நிலம் ஒன்றை வாடகைக்குக் கொடுக்கின்றான். அதிலே நச்சுப்பூண்டு முளைத்திருக்கின்றது. மேய்ந்த கால்நடைகள் இறக்கின்றன. அவன் அதனை அறிந்திருந்தானாயின் நட்டம் முழுவதும் அவனுடையது. அறியாதிருந்தானாயின் வாடகையை மட்டும் கேட்க முடியாது. கால்நடைகளின் நட்டம் அவனைச் சேராது.

இருவரும் அறியாதவரே. இருவரும் குற்றமற்றவரே. எனினும் ஒருவன் முழுப்பொறுப்பாளியாகின்றான். மற்றவன் வாடகையை மட்டும் இழக்கின்றான். இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை உல்பியன் விளக்கவில்லை. பிற்காலத்து உரோம-ஒல்லாந்து அறிஞர் இதனைப் பல்வாறாக விளக்க முயன்றனர். அறிந்திருந்தாரா, அன்றேல் தம் தொழில் காரணமாக அறிந்திருக்க வேண்டியவரா என்னும் வினாவுக்கே அவர்கள் பெரிதும் முதன்மை அளித்தனர். நான் அன்று கூறிய தீர்ப்பு என்னை அறியாமலே மேய்ச்சல் நிலத்தின் தீர்ப்பாகவே அமைந்துவிட்டது. மின்பிறப்பாக்கி மேய்ச்சல் நிலத்தைப் போன்றதா, மதுச்சாடியைப் போன்றதா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாட்டை மூன்று வினாக்களாற் காணலாம் என்பது என் கருத்து.

முதலாவது வினா, வாக்கு எதனைப் பற்றியது என்பதாகும். சாடியைச் சாடி என்று சொல்லிக் கொடுப்பவன், அது ஒழுகாது என்பதையும் உடன்சொல்லிவிடுகின்றான். ஒழுகாமையே சாடியின் பயன். மேய்ச்சல் நிலம் என்று சொல்பவன், அங்கே புல் உண்டு என்று சொல்கின்றானேயன்றி, அங்கு முளைக்கும் ஒவ்வொரு பூண்டுக்கும் உறுதிமொழி கூறுவதில்லை. இரண்டாவது வினா, இருவருள் எவர் எளிதில் உண்மையை அறியக்கூடியவர் என்பதாகும். சாடியிலே நீரூற்றிப் பார்த்தல் உடையவனுக்கு ஒரு நாழிகை வேலை. பரந்த நிலத்தின் பூண்டுகளை ஆராய்தல் அவ்வாறன்று. ஒருபோகத்தில் இல்லாதது மறுபோகத்தில் முளைக்கவும் கூடும். மூன்றாவது வினா, அவ்வாக்கை நம்பி மற்றவர் தமது எந்தக் காவலைக் கைவிட்டார் என்பதாகும். சாடி வாங்கியவன் வேறு சாடி தேடாமல் விட்டான். மேய்ப்பனோ எந்த நிலத்திற்குச் சென்றாலும் தன் மந்தையைக் கவனிக்கும் கடமையிலிருந்து முற்றாக நீங்குவதில்லை.

நம் நாட்டு உதாரணம் ஒன்றையும் இங்கு வைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடியிலே நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்கியிருக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் நல்ல கிணறும் உவராகும். வீட்டுக்காரர் ‘கிணற்றிலே நல்ல தண்ணீர்’ என்று உண்மையாகவே கூறியிருக்க, அயற்றோட்டங்களின் இறைப்பினால் அடுத்த கோடையில் அது உவராகிவிடுமாயின், அது மேய்ச்சல் நிலத்து வழக்காகும். வாடகையைக் குறைத்தல் நியாயம். குடியிருந்தவர் வளர்த்த பயிர் கருகியமைக்கு நட்டஈடு கேட்டல் நியாயமாகாது. ஆயின் மின்பிறப்பாக்கி அத்தகையதன்று. அது இயங்கும் என்பதைத் தவிர அதனைப் பற்றி வாக்களிக்க வேறொன்றும் இல்லை. அதனை ஒருமுறை இயக்கிப் பார்த்தலே உண்மையை அறியப் போதுமானது. திறப்போ ஆசிரியையின் கையில் இருந்தது. வணிகர் கேட்டபோது அவர் ‘எல்லாம் சரி’ என்றதால், வணிகர் தம் காவலைக் கைவிட்டார். மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றே. அது மதுச்சாடி.

இங்கு ஒரு தடை எழும். குற்றமற்ற ஒருவரை, அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக இத்துணைப் பொறுப்புக்கு ஆளாக்கினால், இனி எவர்தாம் வாக்களிப்பர் என்பர். இத்தடைக்கு விடைகாண, ‘குற்றமற்ற’ என்னும் அடைமொழியைச் சிறிது ஆராய வேண்டும். நமது சைவசித்தாந்த மரபு அறிவின் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுக்கின்றது. ஆசிரியை இயந்திரம் இயங்கக் கண்டவர் அல்லர். சகோதரர் சொல்லக் கேட்டவர். அவருக்கு இருந்தது உரையளவை. ஆயின் வணிகருக்கு அவர் கூறியது காட்சியளவையின் உறுதியோடு கூறப்பட்டது. ‘திருத்தியிருக்கிறதாகத் தம்பி சொன்னவர், நான் இயக்கிப் பார்க்கவில்லை’ என்று கூறியிருந்தாராயின், வணிகர் இயக்கிப் பார்க்குமாறு வற்புறுத்தியிருப்பார். அன்றேல் மேலதிக வாடகைக்கு இணங்கியிருக்கமாட்டார். எனவே அவர் பொய் சொல்லவில்லை என்பது உண்மையே எனினும், தம் அறிவின் அளவை உள்ளவாறு சொல்லவில்லை என்பதும் உண்மையாகும். பொறுப்பு விதித்தலால் மக்கள் வாக்களிப்பதை நிறுத்திவிடமாட்டார்கள். தாம் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லப் பழகுவார்கள். அது சமுதாயத்துக்கு நட்டமன்று.

அடுத்து, பொறுப்பு உண்டென்றால் அது எவ்வளவு என்னும் வினா எழுகின்றது. வாக்கு மீறப்பட்டதனால் விளையும் நட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக நீண்டுகொண்டே போகலாம். எங்கே நிறுத்துவது? 1854ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றம் ஒன்று ஹட்லி எதிர் பக்சென்டேல் என்னும் வழக்கிலே இதற்கு ஓர் எல்லை வகுத்தது. குளொஸ்டர் நகர ஆலை ஒன்றின் உடைந்த சுழல்தண்டைக் கொண்டுசெல்வதில் ஏற்பட்ட தாமதத்தால் ஆலை மூடிக்கிடந்தது. வழமையாக எழக்கூடிய நட்டத்துக்கும், ஒப்பந்தம் செய்தபோது இருவரும் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய நட்டத்துக்குமே பொறுப்பு உண்டு என அங்குக் கூறப்பட்டது. 1949இல் சலவைத் தொழிலகம் ஒன்றின் கொதிகலன் பிந்திக் கிடைத்தமை பற்றிய வழக்கிலே இக்கொள்கை மேலும் தெளிவாயிற்று. வழமையான வியாபார இலாபத்தை இழந்தமைக்கு ஈடு உண்டு; விற்றவர் அறிந்திராத, அசாதாரண இலாபம் தரும் அரசாங்க ஒப்பந்தங்களை இழந்தமைக்கு அதே அளவில் ஈடு இல்லை எனத் தீர்க்கப்பட்டது.

சட்டத்தின் இவ்வெல்லை அறத்துக்கும் பொருந்துவதே. ஒருவர் வாக்களிக்கும்போது எதனை ஏற்றுக்கொள்கின்றார் என்பதை அவர் அறிந்திருந்த உலகத்தைக் கொண்டே அளக்க வேண்டும். வந்தவர் மீன் வணிகர் என்பதையும், மின்சாரம் இல்லையேல் மீன் பழுதாகும் என்பதையும் ஆசிரியை அறிவார். மின்பிறப்பாக்கி பேசப்பட்டதே அதற்காகத்தான். எனவே சரக்கின் சந்தைப் பெறுமதி வாக்கின் எல்லைக்குள் அடங்குகின்றது. கொழும்பிலே பேசப்பட்ட தனி ஒப்பந்தத்தை அவர் அறியார். அந்த 60,000 ரூபா வணிகர் தாமே ஏற்ற துணிவின் பாற்பட்டது.

எஞ்சிய 180,000 ரூபாவிலும் ஒரு கேள்வி உண்டு. இயந்திரம் இயங்காது எனக் கண்ட முதல் நாளே வணிகர் சரக்கை உள்ளூர்ச் சந்தையிலே பாதி விலைக்கு விற்றிருக்கலாம். 90,000 ரூபா மிஞ்சியிருக்கும். தன் நட்டத்தைத் தான் குறைக்க முயலாதவன் அதனைப் பிறன் தலையிற் சுமத்தலாகாது என்பது யாவரும் ஒப்பும் நியதியாகும். அன்று நானும் இதனையே எண்ணினேன். ஆயின் ஒன்றை நான் கேட்கத் தவறினேன். அவர் ஏன் விற்கவில்லை? ‘நாளைக்கு ஆள் வந்து திருத்திப்போடும்’ என ஆசிரியை இருமுறை கூறினார். முதல் வாக்கு 2021இல் அறியாமையினாற் கூறப்பட்டது. இந்த இரண்டாம் வாக்கு அத்தகையதன்று. இயந்திரம் பழுது என்பதை அப்போது அவர் அறிவார். திருத்துபவர் வருவது உறுதியில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆறுதலாகச் சொன்ன சொல்லே வணிகரின் கையைக் கட்டிவிட்டது. முதல் வாக்கைப் பற்றி ஐயமுள்ளவர்கூட, இந்த இரண்டாம் வாக்கினால் இழந்த 90,000 ரூபாவைப் பற்றி ஐயப்பட இயலாது.

ஆகவே 180,000 ரூபாவும் ஆசிரியையைச் சேரும் என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது. அவ்வாறாயின் வாடகையையும் மேலதிகப் பணத்தையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. வாக்கு நிறைவேறியிருந்தால் தாம் பெற்றிருக்கக்கூடிய நிலையைக் கேட்பவர், அவ்வாக்குக்குரிய விலையையும் கொடுத்தே ஆகவேண்டும்; இரண்டையும் ஒருங்கே பெறுதல் நீதியாகாது. எனது தீர்ப்பினால் வணிகருக்குக் கிடைத்தது 70,000 ரூபா. கிடைத்திருக்க வேண்டியது 180,000 ரூபா. வேறுபாடு 110,000 ரூபா.

இங்கே மற்றொரு தடையும் எழும். ஆசிரியை முதியவர், ஓய்வூதியத்தோடு அவ்வாடகையை நம்பி வாழ்பவர். ஆறுமாத வாடகையை அவரிடம் அறவிடல் இரக்கமற்ற செயலன்றோ? அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் பகுதியிலே, ஒருவர்க்கொருவர் செய்த தீங்கைச் சீராக்கும் நீதியானது ஆளை நோக்காது, தீங்கின் அளவையே நோக்கும் என்றார். நல்லவன் தீயவனிடம் கவர்ந்தாலும், தீயவன் நல்லவனிடம் கவர்ந்தாலும் கணக்கு ஒன்றே. இக்கருத்து கடுமையாகத் தோன்றலாம். ஆயின் இரக்கத்தின் பேரால் நான் செய்தது என்ன? ஆசிரியையின் சுமையைக் குறைத்தேன். குறைத்த சுமை மறைந்துவிடவில்லை. அது வணிகரின் தோளுக்கு மாறியது. அவரும் கடன்பட்டுச் சரக்கெடுத்தவரே. ஒருவருக்குக் காட்டிய இரக்கத்தின் செலவை மற்றொருவரிடம் அவர் சம்மதமின்றி வாங்கினேன். ஈட்டின் அளவு வேறு. அதனைச் செலுத்தும் முறை வேறு. அளவிலே ஆளைப் பார்க்கலாகாது. முறையிலே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். மாதாமாதம் வாடகையிற் சிறிது கழித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருப்பின் ஆசிரியையின் வாழ்வும் குலைந்திராது. வணிகரின் உரிமையும் அழிந்திராது. சகோதரரிடம் தமக்குரியதைக் கேட்கும் நியாயமும் ஆசிரியைக்கு உண்டு.

ஆள்வேறுபாடு முற்றாகவே கணக்கில் வராது என்பதும் சரியன்று. அது நட்டத்தை அளக்கும் இடத்தில் வராது. வாக்கை ஊகிக்கும் இடத்தில் வரும். வஞ்சகம் இல்லாதவிடத்து இடிந்து விழும் வீட்டையும் வாடகைக்கு விடலாம் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டத்தின் பொதுநிலை. 1843இல் தளபாடங்களுடன் விடப்பட்ட வீடொன்றிலே மூட்டைப்பூச்சி நிறைந்திருந்த வழக்கிலே இந்நிலைக்கு ஒரு விலக்கு ஏற்பட்டது. 1970இல் வாசிங்டன் நகரிலே, சுமார் 1,500 குறைபாடுகள் காணப்பட்ட மாடிக்குடியிருப்பு ஒன்றைப் பற்றிய ஜாவின்ஸ் வழக்கிலே, மனிதர் வாழத்தக்க நிலையில் வீடு இருக்கும் என்ற உறுதிமொழி ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் சொல்லாமலே அடங்கியுள்ளது என மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நகரத்து ஏழைக் குடியிருப்பாளன் பேரம்பேசும் வலுவற்றவன். கூரையையும் குழாய்களையும் ஆராயும் திறனற்றவன். அவன் கேட்டுப்பெற முடியாத வாக்கை அவன் பொருட்டுச் சட்டமே எழுதிவைக்கின்றது. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் வீட்டாதன உச்சவரம்புச் சட்டமும் வீட்டுக்காரருக்கும் குடியிருப்போருக்கும் இடையிலுள்ள வலுவேறுபாட்டைக் கருத்திற்கொண்டே எழுந்தன. நமது வழக்கிலோ வாக்கை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது.

இவ்வாறு கூறுவதால் வாக்களித்தவர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்பதாகாது. அதே ஆண்டு யூன் மாத இறுதியில் நாட்டில் எரிபொருள் அற்றுப்போய், யூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அப்போது அம்மின்பிறப்பாக்கி நல்ல நிலையிலேயே இருந்தது, டீசல்தான் இல்லை. வணிகரின் குளிர்ப்பெட்டிகள் மீண்டும் வெறுமையாயின. அந்நட்டத்தை ஆசிரியையிடம் எவரும் கேட்க முடியாது. அவர் இயந்திரத்துக்கு வாக்களித்தாரேயன்றி நாட்டின் எரிபொருளுக்கு அன்று. எனினும் எதிர்த்து நிற்க முடியாத வலுவினால் பயன் கிட்டாதபோது அக்காலத்துக்குரிய வாடகையும் தளர வேண்டும் என்று உரோம அறிஞர் கூறினர். பயன் இல்லாத வசதிக்கு விலை வாங்காமை அறமே. அவ்விரு கிழமைகளுக்கும் மேலதிகப் பணத்தை ஆசிரியை தாமாகவே விட்டுக்கொடுத்தார் எனப் பின்னர் அறிந்தேன்.

இப்போது வணிகரின் கேள்விக்கு விடை கூறலாம். நம்பினது அவர் பிழையன்று. ஒருவர் வாக்களிக்கும்போது, ‘இவ்விடயத்தில் நீர் உமது காவலை விட்டுவிடலாம், நான் பார்த்துக்கொள்வேன்’ என்றே மற்றவருக்குச் சொல்கின்றார். காவலை விடச்சொன்னவர், காவலில்லாமையால் வந்த கேட்டுக்குத் தாம் நல்லெண்ணத்தோடு இருந்தமையை மட்டும் விடையாகக் கூற முடியாது. நல்லெண்ணம் அவரைப் பழியிலிருந்து காக்கும், கடனிலிருந்து காக்காது. பழியும் கடனும் ஒன்றே என எண்ணியமைதான் அன்று நான் செய்த தவறு.

அத்தவறு என்னை வேறோர் இடத்துக்கும் கொண்டுசெல்கின்றது. இருவரும் என் சொல்லை நம்பி நீதிமன்றம் செல்லாது விட்டனர். நான் கூறிய தீர்ப்பும் ஒரு வாக்குத்தான். ‘முதல் நாளிரவு ரீச்சர் என்ன சொன்னவர்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை எனக்குத் தெரிந்திருக்கும். அக்கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. எனக்குக் கற்பித்தவர் என்பதனாலே கேட்காமல் விட்டேனோ என்பதும் எனக்குத் திண்ணமாகத் தெரியவில்லை. வணிகரோ என்னை நம்பித் தமது உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார். மேலே கூறிய மூன்று வினாக்களையும் என்னை நோக்கிக் கேட்டால், விடைகள் ஆசிரியைக்குக் கிடைத்தவற்றிலிருந்து வேறுபடவில்லை. நான் கூலி வாங்கவில்லை என்பது ஒரு வேறுபாடே. ஆயினும் கூலியில்லாமற் கூறியவன் கவனமில்லாமலும் கூறலாம் என்று எவரும் சொல்லார்.

அந்த 110,000 ரூபாவில் எனக்குரிய பங்கு எவ்வளவு என்பதை நான் இன்னும் கணக்கிடவில்லை. முதலில் இருவரையும் மீண்டும் அழைத்து, அன்று கூறியது தவறென்று அவர்கள் முன்னிலையிற் சொல்ல வேண்டும். பணத்தைப் பற்றி அதன்பின்னர் மூவருமாகப் பேசலாம்.